பாப்பாவின் பெயர் இல்லாத படிவம்

முன்னாள் படைவீரர் சங்கத்தில் செவ்வாய்க்கிழமை என்றால் அது ரைட்டரின் நாள். ஒன்பது மணிக்கே வந்து மேசையைத் துடைப்பார். ஸ்டாம்ப் பேட், பசை பாட்டில், நீலப் பேனா, சிவப்புப் பேனா எல்லாவற்றையும் அணிவகுப்பில் நிற்பது போல வரிசையாக வைப்பார். அப்புறம்தான் நாற்காலியில் உட்காருவார். படைப்பிரிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்தவர். துப்பாக்கியைத் தொட்டதைவிடப் பேனாவைத் தொட்டதுதான் அதிகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதனால் சங்கத்தில் எல்லோருக்கும் அவர் ரைட்டர்தான்.

பென்ஷன், மருத்துவ அட்டை, பிள்ளைகளின் படிப்பு உதவி, கணவனை இழந்த பெண்களுக்கான வேலை ஒதுக்கீடு என்று எந்தப் படிவமாக இருந்தாலும் அவரிடம்தான் வரும். ஒரு பைசா வாங்க மாட்டார். டீ வாங்கிக் கொடுத்தால்கூட முறைப்பார். "அரசாங்கம் கொடுக்கத்தான் வெச்சிருக்கு. கேக்கத் தெரியாமதான் பாதிப்பேரு விட்டுடறீங்க" என்று திட்டித் திட்டியே எழுதிக் கொடுப்பார். சும்மா சொல்லக்கூடாது, அவர் கை பட்ட படிவம் ஒன்றுகூடத் தவறு என்று திரும்பி வந்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் எதிரே ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். கணவன் எங்கோ தொலைதூர எல்லைக் காவல் பணியில் இருக்கும் சிப்பாய். அவள் தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை சாய்ந்து கிடந்தது. கழுத்து ஒரு பக்கமாகத் தொங்க, எச்சில் வழிந்து அவள் தோளை நனைத்திருந்தது.

ரைட்டர் படிவத்தை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார். "நாலாவது கட்டம் ஏம்மா காலியா இருக்கு? பிள்ளைங்க பேரு எழுதற எடம் அது."

"இவளுக்கு உடம்பு சரியில்லீங்க சார். கழுத்து நிக்கல, பேச்சும் வரல. இப்ப எழுத வேணாம், அடுத்தது நல்லபடியா பொறக்கட்டும், சேத்து எழுதிக்கலாம்னு அத்தை சொன்னாங்க."

ரைட்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "உங்க அத்தைக்கு என்ன தெரியும்? நல்லா இருக்கற பிள்ளைய எழுதாம விட்டாக்கூடப் பரவாயில்ல. அது வளந்து தன் சோத்தைத் தானே தேடிக்கும். இந்த மாதிரிப் பிள்ளையத்தாம்மா மொதல்ல எழுதணும்! உன் வீட்டுக்காரருக்கு அப்புறம் உனக்குப் பென்ஷன் வரும். உனக்கு அப்புறம்? மத்த பசங்களுக்கு வயசு வந்தா நின்னுடும். இவளுக்கு நிக்காது. உசுரோட இருக்கற வரைக்கும் வரும். மருந்து வரும், ஆஸ்பத்திரி வரும். ஆனா பேரு இருந்தாத்தான் வரும்!"

"அப்படிப் போடு ரைட்டரே!" என்று வாசல் பக்கமிருந்து ஒரு பெரிய குரல் வந்தது. சங்கத் தலைவர். ராணுவ லாரி ஓட்டியவர் என்பதால் அவருக்கு டிரைவர் என்றே பெயர். "எல்லையில போடாத சண்டையெல்லாம் மனுசன் இந்த மேசையில போடறாரு பாருங்கய்யா!"

நாலு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. படிவத்தை நாலாக மடித்தாள். "வீட்டுல கேட்டுட்டு வர்றேன் சார்" என்று குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ரைட்டர் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த பேனாவை மூடக்கூட மறந்துவிட்டார்.

எவ்வளவு நல்ல மனிதர் என்றுதானே நினைக்கிறீர்கள்? நல்ல மனிதர்தான். அந்த நல்ல மனிதரோடு அவர் வீடு வரைக்கும் வந்து பாருங்கள்.

மூன்று குடித்தனம் இருக்கும் ஒரு கட்டடத்தின் மாடியில் அவர் வீடு. கீழே இருக்கும் தையல்காரம்மாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு படியேறினார். கதவைத் திறந்ததும், தரையில் உட்கார்ந்து பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துக் கைதட்டினாள். வயது முப்பத்தெட்டு. முன்நெற்றியில் நரை எட்டிப் பார்த்தது. சிரிப்பு மட்டும் நாலு வயதுக் குழந்தையின் சிரிப்பு. பொத்தான்கள் தையல்காரம்மா கொடுத்தவை.

"சார் வந்துட்டாரு!"

"சாப்பிட்டியா பாப்பா?"

"சாப்பிட்டேன் சார்."

"மாத்திரை?"

"போட்டேன் சார்."

அவள் அவருடைய மகள். ஆமாம், பெற்ற மகள்தான். கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

பாப்பா குறைமாதத்தில், ரைட்டரின் மாமியார் வீட்டில் வைத்துப் பிறந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குழந்தை. ஒரு வாரம் தாங்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். விடுப்பில் வந்து பார்த்துவிட்டுப் படைப்பிரிவுக்குத் திரும்பிய ரைட்டர், வீரர்களின் குடும்பப் பதிவேட்டைத் திறந்தார். யாருக்குக் குழந்தை பிறந்தாலும் நீல மையில் அவர்தான் எழுதுவார். யார் இறந்தாலும் சிவப்பு மையில் கோடு போட்டு அடிப்பதும் அவர்தான். அந்த வருடம் எல்லையில் நிறையப் பேர் போயிருந்தார்கள். கூடச் சாப்பிட்டவன், பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் என்று வரிசையாக அவர் கை அடித்துக்கொண்டே இருந்தது. தன் மகளின் பெயரை நீலத்தில் எழுதி, ஒரு வாரம் கழித்துத் தானே சிவப்பில் அடிக்க வேண்டும் என்று நினைத்தபோது அவருக்கு எழுத மனம் வரவில்லை. பதிவேட்டை மூடி வைத்துவிட்டார்.

அதுவரைக்கும் பாசம்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் பாப்பா சாகவில்லையே! ஒரு வாரம் ஒரு மாதமானது, மாதம் வருடமானது. சாகப்போகிற பிள்ளைக்குப் பெயர் எதற்கு என்று யாரும் பெயர்கூட வைக்கவில்லை, பாப்பா என்று கூப்பிட்டதே பெயராக நிலைத்துவிட்டது. மூன்று வயதில் வலிப்பு வந்தது. ஐந்து வயதில், புத்தி இதற்கு மேல் வளராது என்று டாக்டர் சொன்னார். அப்போது அவர்கள் ராணுவக் குடியிருப்பில் இருந்தார்கள். அடுத்தடுத்த வீடு, ஒட்டின சுவர். "அது யாரு குழந்தை?" என்று ஒருநாள் அதிகாரியின் மனைவி கேட்டாள். ரைட்டர் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. "வீட்டுக்காரியோட சொந்தம்மா. தாய் தகப்பன் இல்லாத பொண்ணு" என்று சொல்லிவிட்டார்.

ஒரு பொய்தான். அப்புறம் அதைக் காப்பாற்ற நூறு பொய். கையெழுத்துக்காக வீட்டுக்கு வரும் சிப்பாய்கள் அவரைச் சார் என்பார்கள். பாப்பாவும் அப்படியே கூப்பிடட்டும் என்று பழக்கினார். மனைவியை அக்கா என்று கூப்பிடப் பழக்கச் சொன்னார். மகன் பிறந்தான். அவன் பெயரை மட்டும் பதிவேட்டில் ஜம்மென்று நீல மையில் எழுதினார். ஓய்வு பெற்று இந்த ஊருக்கு வந்தபோது பழைய பொய்யும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்தது. குடும்ப அட்டையில் பாப்பாவுக்கு நேராக 'உறவினர்' என்று எழுதியதும் இவர் கைதான். மகனுக்குப் பெண் பார்த்தபோது அந்தப் பொய் வெகு சௌகரியமாக இருந்தது. மருமகளுக்கு இன்றுவரை பாப்பா யார் என்று தெரியாது.

சரி, பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைக்கு முப்பது வருடமாக ராணுவ மருத்துவமனை மாத்திரை எங்கிருந்து வந்தது? அங்கேதான் அந்தப் புண்ணியவதி வருகிறாள். ரைட்டரின் மனைவி மாதாமாதம் மருத்துவமனைக்குப் போய், "எனக்குத்தான் டாக்டர் வலிப்பு வருது" என்று தன் பெயரில் சீட்டு போட்டுக்கொண்டாள். மகளுக்கு வந்த வலிப்பை எல்லாம் தனக்கு வந்ததாகச் சொல்வாள். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, நாக்கைக் கடித்ததா என்று ஒன்று விடாமல் சொல்வாள். மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். அவளுடைய மருத்துவ அட்டையில் பெரிதாக எழுதியிருந்தது, வலிப்பு நோயாளி என்று.

நான்கு மாதத்துக்கு முன் ஒருநாள் காலையில், சமையலறையில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். பணியில் இருந்தவர்கள் அட்டையைப் பார்த்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். "வழக்கமா வர்றதுதானே சார், தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றார்கள்.

ரைட்டர் பக்கத்தில்தான் நின்றார். இவளுக்கு வலிப்பே கிடையாது, ஒரு நாளும் வந்ததில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் அட்டையில் முப்பது வருடமாக நடந்தது வெளியே வரும். பாப்பாவின் மாத்திரை நின்றுபோகும். பாப்பா யார் என்று கேட்பார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார். அரைமணி நேரம் அப்படியே நின்றார். அதற்கப்புறம் சொன்னபோது டாக்டர் ஓடிவந்து பார்த்தார். நின்றுபோன இதயத்தை யாரால் என்ன செய்ய முடியும்?

பாவி மனிதர்! நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளோ என்னவோ. அந்த 'என்னவோ' அவரை விட்டுப் போகவே இல்லை. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மனைவி போனதும் மாத்திரையும் நின்றது. வெளிக்கடையில் வாங்கிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து அவருக்கே விடாத இருமல். படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் கட்டி. "ஆறு மாசம் சார். நல்லாப் பாத்துக்கிட்டா ஒரு வருசம்" என்றார் டாக்டர். ரைட்டர் தன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. வீட்டுக்கு வந்து, பொத்தான் பிரித்துக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்தார். தனக்குப் பிறகு இவளுக்குச் சோறு யார் போடுவார்கள்? மாத்திரை யார் கொடுப்பார்கள்? மகனுக்குத் தொலைபேசியில் சொன்னார். "ஏதாவது இல்லத்துல சேத்துடுங்கப்பா" என்றான். சேர்க்கத்தான் என்ன இருக்கிறது? குடும்ப அட்டையில் 'உறவினர்' என்ற அந்த ஒரு வரியைத் தவிர, அவளுக்கென்று இந்த உலகத்தில் ஒரு காகிதம்கூடக் கிடையாது.

அன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ரைட்டர் தன் சொந்தப் படிவத்தை நிரப்பினார். நாலாவது கட்டம். மகனின் பெயருக்கு மேலே, மூத்தவள் இடத்தில் எழுதினார். பாப்பா. உறவுமுறை: மகள். முப்பத்தெட்டு வருடம் தாமதம். தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொல்லி ஒரு கோடு இருந்தது. அந்த ஒரு கோட்டில் என்ன எழுதுவது? காலியாகவே விட்டுவிட்டார். அவர் காலியாக விட்டு அனுப்பிய முதல் கோடு அது.

சங்கத்தில் அந்த இளம்பெண்ணைத் திட்டிய மறுநாள், நல அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பழுப்பு நிறக் கோப்பு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். கடுகடுப்பும் இல்லை, குழைவும் இல்லை. முதலில் கீழே தையல்காரம்மாவைக் கேட்டாள்.

"மாடியில இருக்கற பொண்ணுங்களா?" என்று தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்தினாள். "அந்த அம்மாவோட சொந்தக்காரப் பொண்ணுங்க. அனாதை. சாரு மாதிரி ஒரு மனுசனப் பாக்க முடியாதுங்க. சொந்தப் பொண்ணு மாதிரி வெச்சிருக்காரு."

'மாதிரி' என்ற வார்த்தையை அதிகாரி எழுதிக்கொண்டாள்.

அடுத்து டிரைவர். சாட்சி சொல்ல வரச் சொல்லி ரைட்டரே கூப்பிட்டிருந்தார். ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்ல நாக்கு வரவில்லை. டிரைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"இவர எத்தன வருசமாத் தெரியும்?"

"இருபது வருசம்மா. இவரு சொல்லு எங்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்த மாதிரி."

"இந்தப் பொண்ணு யாருன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காரு?"

"சொந்தக்காரப் பொண்ணு. ஆதரவு இல்லாதது. அவர் சொன்னா அது சரியாத்தான் இருக்கும்மா. பொய்யே சொல்ல மாட்டாரு எங்க ரைட்டர்."

நண்பர் இவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கழுத்தை அறுத்துவிட்டுப் போனார். ரைட்டரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதிகாரி மகனுக்குத் தொலைபேசி போட்டாள். எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். "அந்தப் பொண்ணா? தூரத்து உறவுங்க மேடம். எனக்கு அக்கா தங்கச்சி யாரும் கிடையாது" என்றான். ரைட்டர் பாய்ந்து வாங்கினார். "டேய், உன் கூடப் பொறந்தவடா!" என்று கத்தினார். அவன் மெதுவாகச் சொன்னான்: "நீங்க சொல்லிக்கொடுத்ததத்தான்ப்பா சொன்னேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சார், உங்களப் பத்தி எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க நிரப்பின படிவத்த நாங்க ரெண்டாவது தடவ பாக்கறதே இல்ல. ஆனா இதுல எல்லாமே உங்களுக்கு எதிரா இருக்கு. குடும்ப அட்டை, அக்கம்பக்கம், உங்க மகன். யாரோ ஒரு பொண்ண மகள்னு காட்டிப் பென்ஷன் வாங்கப் பாக்கறாருன்னு மேல இருக்கறவங்க நெனைக்கலாம்."

"நெனைக்கட்டும்மா. ஆனா நெசம் அது இல்ல. நான் சொன்ன பொய்ய எல்லாரும் நம்பிட்டாங்க. இப்பச் சொல்ற நெசத்த நம்ப ஆள் இல்ல."

அதிகாரி பாப்பாவின் பக்கம் திரும்பினாள். குரலைத் தணித்தாள். "பேரு என்னம்மா?"

"பாப்பா."

"இவரு யாரு?"

"சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இவரு உனக்கு என்ன வேணும்?"

"சார்!" என்றாள் பாப்பா. இது தெரியாதா இந்த அம்மாவுக்கு என்ற மாதிரி சிரித்தாள்.

சுவரில் இருந்த மனைவியின் படத்தை அதிகாரி காட்டினாள். "இது?"

"அக்கா. அக்கா செத்துப்போச்சு."

அதிகாரி பெருமூச்சு விட்டாள். கோப்பை மூடி நாடாவைக் கட்டத் தொடங்கினாள். ரைட்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். தான் எழுதிய பொய்யிலும் ஒரு பிழைகூட இல்லை.

அப்போது பாப்பா எழுந்தாள். நேராக வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். எம்பித் தாழ்ப்பாளைப் போட்டாள். சன்னலையும் இழுத்து மூடினாள். "என்னம்மா பண்ற?" என்று அதிகாரி திடுக்கிட்டாள். பாப்பா உதட்டின் மேல் விரலை வைத்தாள். மனைவியின் படத்துக்குக் கீழே போய் நின்று, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னாள்:

"அம்மா."

ரைட்டருக்கு இது தெரியும். தாயும் மகளும் தனியாக இருக்கும்போது அப்படித்தான் என்று அரசல் புரசலாகத் தெரியும். தெரியாதது அடுத்ததுதான். பாப்பா தன் துணிப்பெட்டியைத் திறந்தாள். அடியில் கையை விட்டு, மூலை மடிந்த ஒரு பழைய புகைப்படத்தை எடுத்தாள். சீருடையில் ஒரு இளைஞன். கருகருவென்று மீசை. ரைட்டரின் இருபத்தைந்து வயது முகம். அந்தப் படம் எப்போதோ தொலைந்துபோனது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பாப்பா படத்தை அதிகாரியின் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"அப்பா."

பிறகு ரைட்டரைத் திருட்டுத்தனமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதிகாரியின் காதில் சொன்னாள். அந்தச் சின்ன அறையில் அது அவருக்கும் கேட்டது. "வெளிய சொல்லாத. சொன்னா சார் அம்மாவத் திட்டுவாரு."

"யாரு பாப்பா சொல்லிக்கொடுத்தா?"

பாப்பா ஒப்பிப்பது போலச் சொன்னாள். "கதவு சாத்தினா அம்மா. கதவு தெறந்தா அக்கா. கதவு சாத்தினா அப்பா. கதவு தெறந்தா சார்."

ரைட்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். மனைவி செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் எல்லாம், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, இது உன் அப்பா, இது உன் அப்பா என்று முப்பது வருடம் ஒருத்தி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாளும் அவரிடம் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. போயும் போய்விட்டாள்.

"சார் அழாதீங்க" என்று பாப்பா அவர் தலையைத் தடவினாள். கதவு சாத்தியிருந்தும், அவர் முகத்துக்கு நேராக அவள் வாயில் அந்த வார்த்தைதான் வந்தது.

அழுகையோடு அழுகையாக அவர் எல்லாவற்றையும் சொன்னார். சிவப்பு மை, ராணுவக் குடியிருப்பில் அதிகாரியின் மனைவி கேட்ட கேள்வி, மாத்திரை, அட்டை, மருத்துவமனையில் மூடிக்கொண்ட வாய் என்று எதையும் மறைக்கவில்லை. அதிகாரி எதுவும் எழுதாமல் கேட்டாள். கடைசியில் எழுந்தாள்.

"இவ சொன்னத நான் சாட்சியா எழுத முடியாது சார். விதியில எடமில்ல. உங்க ரெண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யணும்னு எழுதறேன். நிச்சயமாத் தெரிஞ்சிடும். ஆனா அந்த மருந்து விசயத்தையும் நான் எழுதியாகணும்."

"எழுதுங்கம்மா. எல்லாத்தையும் எழுதுங்க. மறைச்சது போதும்."

அதிகாரி தாழ்ப்பாளில் கையை வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். "நான் கதவத் தெறக்கறதுக்கு முன்னாடி, ஒரு தடவ அவளக் கூப்பிடச் சொல்லிக் கேட்டுக்கோங்க சார்" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. ரைட்டர் மகளின் கையைப் பிடித்தார். கேட்க வாய் வரவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்?

பரிசோதனை முடிவு வர ஏழு வாரம் ஆனது. அதற்குள் ரைட்டர் பாதியாக இளைத்துவிட்டார். மருந்துக்காக அவரிடம் விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். நாலாவது கட்டத்தில் பாப்பாவின் பெயர் ஏறியது. உறவுமுறை: மகள். அவளுக்கென்று மருத்துவ அட்டை வந்தது. அதில் அவள் படம், அவள் நோய், அவள் மாத்திரை. அவருக்குப் பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் என்று உத்தரவும் வந்தது. மகன் அதற்கப்புறம் பேசவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரைட்டர் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். நடந்தால் மூச்சு வாங்கியது. கூடத்தில் இருபது இருபத்தைந்து பேர் இருந்தார்கள். பின்வரிசையில் அந்தச் சிப்பாயின் மனைவியும் தோளில் குழந்தையோடு இருந்தாள். கையில் அதே மடித்த படிவம். ரைட்டர் வராத இத்தனை வாரமும் அவளும் வந்து வந்து திரும்பிப் போயிருக்கிறாள்.

ரைட்டர் மேசைக்குப் பின்னால் போகவில்லை. முன்னால் நின்றார்.

"இது என் பொண்ணு" என்றார். "சொந்தக்காரப் பொண்ணு இல்ல. நான் பெத்த பொண்ணு. இருபது வருசமா உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

டிரைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். "என்ன ரைட்டரே சொல்றீங்க? நான்... நான் போய் அந்த அம்மாகிட்ட..." என்று திணறினார். "நீ என்ன பண்ணுவ டிரைவரே, நான் சொன்னத நம்பினே" என்றார் ரைட்டர். பிறகு மகளின் பக்கம் திரும்பினார். எத்தனையோ நாளாகக் கேட்க முடியாமல் விழுங்கியதை அங்கேதான் கேட்டார்.

"பாப்பா, எல்லார் முன்னாடியும் ஒரு தடவ கூப்பிடும்மா. நான் யாரு?"

பாப்பா சுற்றிலும் பார்த்தாள். கூடத்தின் இரட்டைக் கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் முகம் கலவரப்பட்டது. அவர் கையை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தப் போனாள்.

"வேணாம்மா! சாத்த வேணாம். தெறந்தே இருக்கட்டும். அம்மாவ யாரும் திட்ட மாட்டாங்க. தெறந்த கதவோட சொல்லு கண்ணு."

பாப்பா கதவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அம்மா சொல்லிக்கொடுத்ததை மீற அவளுக்குத் தெரியாது. தலையை வேகமாக ஆட்டினாள். அவர் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போலாம் சார்."

யாரோ விசும்பினார்கள். டிரைவர் முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டார். ரைட்டர் மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் இருந்த அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தியாம்மா? என் பொண்ணு பேர முப்பத்தெட்டு வருசம் கழிச்சு எழுதினேன், அரசாங்கம் ஏத்துக்கிச்சு. சோறு உண்டு, மருந்து உண்டு. ஆனா அப்பாங்கற வார்த்தைய எனக்கு வாங்கித்தர எந்த ஆபீஸும் கிடையாது. நம்ம வெக்கத்துக்காக ஒரு பிள்ளைய மறைச்சா, அந்தப் பிள்ளைக்கு வர வேண்டியதெல்லாம் போயிடும். நமக்கு வர வேண்டியதும் போயிடும். பிள்ளைக்குக் குறை இருந்தா அது குத்தம் இல்லம்மா. அத மறைக்கறதுதான் குத்தம். இன்னிக்கே எழுது. எழுதறதோட நிக்காத, எல்லார் முன்னாடியும் எம் பொண்ணுன்னு சொல்லிக் கூப்பிடு."

அந்தப் பெண் எழுந்து வந்தாள். மடித்த படிவத்தை மேசையில் விரித்தாள். மேசையில் இருந்த ரைட்டரின் நீலப் பேனாவைத் தானே எடுத்தாள். நாலாவது கட்டத்தில் மகளின் பெயரை எழுதினாள். எழுதி முடித்ததும், திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் தெருவே கேட்கும்படி அந்தப் பெயரைச் சொல்லி மகளைக் கூப்பிட்டாள். குழந்தைக்குப் பதில் சொல்லப் பேச்சு இல்லை, தொங்கிய தலையை மட்டும் மெல்லத் திருப்பி அம்மாவைப் பார்த்தது.

பாப்பா அதைப் பார்த்துக் கைதட்டினாள்.